படர்தாமரைக்கு எந்த மாத்திரை? மருந்துக்கடையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆடிப் புழுக்கம் தொடங்கிக் கார்த்திகை அடைமழை ஓயும் வரை, கும்பகோணம், பாபநாசம், வலங்கைமான் பக்கத்து மருந்துக்கடைகளில் அரிப்புக்கு மருந்து கேட்டு வராத நாளே இருக்காது. மருந்தாளுநராகக் கடையில் நிற்கும் என்னிடம் ஒரே ஐயங்கள் வெவ்வேறு வாய்களிலிருந்து திரும்பத் திரும்ப வருவதால், அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே குறித்து வைத்து, விடைகளோடு இங்கே தொகுத்திருக்கிறேன்.

இது மருத்துவச் சீட்டுக்கு மாற்று அல்ல. கீழே வரும் மாத்திரைகள் எல்லாமே மருத்துவர் எழுதிக் கொடுத்த பிறகு வாங்க வேண்டியவை. சீட்டு கையில் இருந்தும் அதில் ஏன் அந்த மருந்து எழுதப்பட்டது என்று புரியாமல் நிற்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

"படர்தாமரைக்கு மாத்திரை கட்டாயம் சாப்பிடணுமா? களிம்பு மட்டும் போட்டா போதாதா?"

புதிதாக வந்த ஒன்றிரண்டு வட்டங்களுக்குக் களிம்பு போதும். குளோட்ரிமசோல், லுலிகோனசோல், டெர்பினாஃபின் போன்ற களிம்புகளில் மருத்துவர் சொல்வதை, வட்டத்தின் மேல் மட்டுமல்லாமல் ஓரத்தைத் தாண்டி இரண்டு விரற்கடை அகலத்துக்குத் தடவ வேண்டும். தோல் பார்வைக்குச் சரியான பிறகும் இரண்டு வாரங்களாவது தொடர வேண்டும். பெரும்பாலோர் நடுப்பகுதியில் தடவிவிட்டு ஓரத்தை விட்டுவிடுகிறார்கள். படர்தாமரையை உண்டாக்கும் பூஞ்சை உயிரோடு வளர்ந்துகொண்டிருப்பது அந்தச் சிவந்த ஓரத்தில்தான்.

உடம்பில் பல இடங்களில் பரவியிருந்தால், போய்ப் போய்த் திரும்பினால், தலைமுடியிலோ தாடியிலோ நகத்திலோ வந்திருந்தால், நோய் எதிர்ப்பு சக்தி குறைந்தவராக இருந்தால், அல்லது ஸ்டீராய்டு கலந்த களிம்பு ஏற்கெனவே தடவப்பட்டிருந்தால் மாத்திரை தேவைப்படும். அப்போதும் களிம்பை நிறுத்தச் சொல்வதில்லை, இரண்டும் சேர்ந்தே நடக்கும்.

"என்னென்ன மாத்திரை இருக்கு? பேருதானே வேற, எல்லாம் ஒன்னுதானே?"

ஒன்றல்ல. இன்று தோல் பூஞ்சைக்கு வாய்வழியாகக் கொடுக்கப்படுபவை முக்கியமாக நான்கு: கிரிசியோஃபுல்வின், டெர்பினாஃபின், இட்ராகோனசோல், ஃப்ளுகோனசோல். இவற்றில் மூத்தது கிரிசியோஃபுல்வின். 1939இல் ஒரு பென்சிலியம் பூஞ்சையிலிருந்தே பிரித்தெடுக்கப்பட்ட இம்மருந்து, மனிதர்களுக்கு வாய்வழியாகக் கொடுக்கப்படத் தொடங்கியது 1958இல். பூஞ்சையின் செல் இரண்டாகப் பிரிவதை இது தடுக்கிறது. மற்ற மூன்றும் பூஞ்சையின் செல் சுவருக்கு உட்புறமுள்ள சவ்வைக் குறிவைக்கின்றன. அந்தச் சவ்வுக்கு எர்கோஸ்டெரால் என்ற கொழுப்புப் பொருள் வேண்டும். அதைத் தயாரிக்கும் தொடரில் முதலிலேயே ஒரு படியை டெர்பினாஃபின் அடைக்கிறது, அதற்குப் பின்னால் வரும் வேறொரு படியை இட்ராகோனசோலும் ஃப்ளுகோனசோலும் அடைக்கின்றன.

கீட்டோகோனசோல் மாத்திரையைப் பற்றியும் வயதானவர்கள் கேட்கிறார்கள். ஒரு காலத்தில் தாராளமாக எழுதப்பட்ட மருந்து அது. கல்லீரலுக்கு அது விளைவிக்கும் கேடு காரணமாக, 2013இல் ஐரோப்பிய மருந்து முகமை அதன் விற்பனையை நிறுத்திவைக்கப் பரிந்துரைத்தது. அதே ஆண்டில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பும் தோலுக்கும் நகத்துக்கும் அதைக் கொடுக்கக் கூடாது என்றது. கீட்டோகோனசோல் ஷாம்பூவுக்கும் களிம்புக்கும் இந்தத் தடை பொருந்தாது.

"இந்த நாலுல எது சார் பெஸ்ட்?"

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுவே. இதற்கு நேரடியாக விடை சொல்லக்கூடிய ஆய்வு ஒன்று நம் நாட்டிலேயே நடந்திருக்கிறது. வாரணாசியில் உள்ள பனாரஸ் இந்து பல்கலைக்கழகத்துத் தோல் மருத்துவர்கள், படர்தாமரை உள்ள 200 பேரை ஐம்பது ஐம்பதாகப் பிரித்து, நான்கு மருந்துகளையும் உடல் எடைக்கு ஏற்ற அளவில் நாள்தோறும் கொடுத்துப் பார்த்து, 2020இல் முடிவுகளை வெளியிட்டார்கள். எட்டு வாரங்களின் முடிவில் முழுமையாகக் குணமானவர்கள் இட்ராகோனசோலில் 66 விழுக்காடு, ஃப்ளுகோனசோலில் 42, டெர்பினாஃபினில் 28, கிரிசியோஃபுல்வினில் 14.

இந்த எண்களை இரண்டு விதமாகப் படிக்கலாம். முதலிடம் இட்ராகோனசோலுக்கு என்பது ஒன்று. அந்த முதலிடக்காரரிடமே மூன்றில் ஒருவர் இரண்டு மாதத்துக்குப் பிறகும் குணமாகவில்லை என்பது மற்றொன்று. நான்கு வாரங்களில் பார்த்தபோது எந்தக் குழுவிலும் குணமானவர்கள் 8 விழுக்காட்டைத் தாண்டவில்லை. பத்து நாள் மாத்திரை வாங்கிப்போய்விட்டு "மருந்து சரியில்லை" என்று திரும்பி வருபவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இந்தக் கடைசி எண்ணைத்தான்.

என் கருத்தைக் கேட்டால், இதயமும் கல்லீரலும் ஒத்துழைத்து, கூடவே சாப்பிடும் மற்ற மாத்திரைகளும் இடம் கொடுத்தால், இன்றைய நிலையில் நம் பக்கத்துப் படர்தாமரைக்கு இட்ராகோனசோலை முதலில் எழுதுவதில் நியாயம் இருக்கிறது. அந்த "இடம் கொடுத்தால்" என்பதற்குள் எவ்வளவோ அடங்கியிருப்பதை ஒன்பதாவது கேள்வியில் காணலாம்.

"சிங்கப்பூர்ல இருக்கிற என் மகன், டெர்பினாஃபின்தான் நல்ல மருந்துன்னு அங்க டாக்டர் சொன்னாருங்கிறான். நீங்க மாத்திச் சொல்றீங்களே?"

அந்த மருத்துவர் தவறாகச் சொல்லவில்லை. பாடநூல்களில் டெர்பினாஃபினுக்கு உயர்ந்த இடம் உண்டு. பூஞ்சையின் வளர்ச்சியைத் தடுப்பதோடு நிற்காமல் அதைக் கொல்லக்கூடியது, மற்ற மாத்திரைகளோடு மோதல் குறைவு, நாளுக்கு ஒன்று போதும். கோளாறு மருந்தில் இல்லை, இங்கே பரவியிருக்கும் பூஞ்சையில் இருக்கிறது. கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் இந்தியா முழுவதும் பெருகிய படர்தாமரைக்குக் காரணமான பூஞ்சைக்கு 2020இல் டிரைக்கோஃபைட்டான் இண்டோடினியே என்று தனிப்பெயரே வைக்கப்பட்டது. டெர்பினாஃபின் எந்த நொதியைப் போய் அடைக்க வேண்டுமோ, ஸ்குவாலீன் எப்பாக்சிடேஸ் என்னும் அந்த நொதியின் மரபணுவில் இந்தப் பூஞ்சை பலரிடம் மாற்றம் பெற்றிருப்பதால், மருந்து உடலுக்குள் போனாலும் பிடி கிடைக்காமல் நழுவிவிடுகிறது.

ஆனால் எல்லோரிடமும் இந்த மாற்றம் இல்லை. அதனால் டெர்பினாஃபினிலேயே குணமாகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். சில மருத்துவர்கள் வழக்கமான 250 மி.கி.க்குப் பதிலாக 500 மி.கி. எழுதுவதும் உண்டு. சீட்டில் டெர்பினாஃபின் இருந்தால் அது பழைய மருந்து என்று நீங்களாக ஒதுக்க வேண்டாம். நான்கு வாரங்களில் எந்த முன்னேற்றமும் இல்லையென்றால் அதே மருத்துவரிடம் போய்ச் சொல்லுங்கள்.

"ஒரு வாரத்துல அரிப்பு நின்னுடுச்சு. இன்னும் எதுக்கு மாத்திரை?"

அரிப்பு நிற்பது முதற்படி மட்டுமே. பூஞ்சை வாழ்வது தோலின் மேலடுக்கில், ஏற்கெனவே உயிரிழந்த செல்களில். அந்த அடுக்கு உதிர்ந்து கீழிருந்து புதுத்தோல் மேலே வர ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும். அரிப்பு நின்றதும் மருந்தை நிறுத்துவது களையை வேரோடு பிடுங்காமல் நுனியை மட்டும் அறுத்துவிட்டு வரப்பேறுவதற்கு ஒப்பாகும்.

முன்பெல்லாம் உடம்புப் படைக்கு இரண்டு முதல் நான்கு வாரங்கள் என்று எழுதினார்கள். இப்போது ஆறு வாரம், எட்டு வாரம் என்று நீள்வதற்கான காரணம் மூன்றாவது கேள்வியின் விடையில் இருக்கிறது. சீட்டில் நாட்கணக்கு எழுதியிருந்தால் அதை முடிக்க வேண்டும். எழுதவில்லையென்றால் மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். ஒரே தவணையில் இரண்டு மாதத்து மாத்திரையை வாங்கப் பணம் இல்லையென்றால் இரண்டு வாரத்துக்கு மட்டும் வாங்கிக்கொண்டு, தீர்வதற்கு முன்பே மீண்டும் வாருங்கள். இடையில் விட்டுவிட்டுச் சாப்பிடுவதைவிட அது மேல். மக்கள் மருந்தகங்களில் இவை பொதுப்பெயரில் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன.

"இட்ராகோனசோலைச் சாப்பாட்டுக்கு முன்னால போடணுமா, பின்னால போடணுமா? கேஸ் மாத்திரையும் சேர்த்துப் போடலாமா?"

இட்ராகோனசோல் கேப்ஸ்யூலை வயிறார உண்ட உடனே விழுங்க வேண்டும். காபி, பிஸ்கட்டோடு போட்டால் பாதி மருந்து வீண். இம்மருந்து கரைவதற்கு வயிற்றில் புளிப்பு அமிலமும் உணவும் வேண்டும். கூட்டைத் திறந்து பார்த்தால் உள்ளே கடுகைவிடச் சிறிய வெண்மணிகள் தெரியும். அந்த மணிகளின் மேல்தான் மருந்து பூசப்பட்டிருக்கிறது. மணிகளின் அளவும் தரமும் தயாரிப்புக்குத் தயாரிப்பு வேறுபடுகின்றன, ஆகவே ஒருவருக்கு ஒரு தயாரிப்பில் குணம் தெரிந்தால் நடுவில் மாற்றாமல் இருப்பது நல்லது. கூட்டைப் பிரித்து மணிகளைத் தண்ணீரில் கலக்கிக் குடிக்கக் கூடாது.

கேஸ் மாத்திரைதான் இங்கே பெரிய சிக்கல். பான்டோபிரசோல், ஒமிபிரசோல் போன்றவை அமிலத்தையே குறைத்துவிடுவதால், இட்ராகோனசோல் கரையாமல் மலத்தோடு போய்விடும். அதைவிட முக்கியமானது, நம் பக்கத்தில் காலையில் வெறும் வயிற்றில் எல்லோரும் போடும் கேப்ஸ்யூலில் பான்டோபிரசோலோடு டொம்பெரிடோனும் கலந்திருக்கும். இட்ராகோனசோலோடு டொம்பெரிடோன் சேர்ந்தால் இதயத் துடிப்பின் ஒழுங்கு கெட வாய்ப்புண்டு. அந்த இரண்டையும் ஒன்றாகச் சாப்பிடவே கூடாது. "கேஸுக்குத்தானே" என்று மருத்துவரிடம் சொல்லாமல் விடுவது அதிகமாக நடக்கிறது. திரவ ஆன்டாசிட் அவசியமென்றால் கேப்ஸ்யூலுக்கு இரண்டு மணி நேர இடைவெளி விட்டுக் குடிக்கலாம்.

"சீட்டுல 65ன்னு இருக்கு, போன தடவை 100 கொடுத்தாங்க. டோஸைக் குறைச்சுட்டாங்களா?"

குறைக்கவில்லை. உடம்பில் நன்றாகச் சேரும்படி புதிய முறையில் தயாரிக்கப்பட்ட இட்ராகோனசோல் இப்போது வருகிறது. அதில் 65 மி.கி. என்பது பழைய கேப்ஸ்யூலின் 100 மி.கி.க்கு ஈடாகக் கணக்கிடப்படுகிறது. வயிற்று அமிலத்தை இது அவ்வளவாகச் சார்ந்திருப்பதில்லை. ஆனால் முந்தைய விடையில் சொன்ன டொம்பெரிடோன் ஆபத்து இதற்கும் அப்படியே பொருந்தும்.

"வாரத்துக்கு ஒரே ஒரு மாத்திரைன்னு ஃப்ளுகோனசோல் இருக்காமே, அதையே போட்டுக்கறேனே?"

ஃப்ளுகோனசோல் உடலில் நெடுநேரம் தங்கும். பாதியாகக் குறையவே ஏறக்குறைய 30 மணி நேரம் ஆகும். சாப்பாட்டோடும் அமிலத்தோடும் அதற்குத் தொடர்பில்லை, விலையும் குறைவு. வாரம் ஒருமுறை 150 மி.கி. என்று எழுதும் வழக்கம் இந்த வசதிகளால் வந்தது. ஆனால் மூன்றாவது விடையில் சொன்ன 42 விழுக்காடு, மருந்தை நாள்தோறும் கொடுத்தபோது கிடைத்தது. வாரத்துக்கு ஒன்று போட்டுவிட்டு அந்தப் பலனை எதிர்பார்க்க முடியாது.

"எனக்குச் சுகர், பிரஷர் ரெண்டும் இருக்கு. கொழுப்பு மாத்திரையும் போடறேன். எது ஒத்துக்கும்?"

மருந்துகளை ஒப்பிடுவதென்றால் உண்மையான ஒப்பீடு இங்கேதான் நடக்க வேண்டும். இட்ராகோனசோல், கல்லீரலில் பல மருந்துகளைச் சிதைத்து வெளியேற்றும் ஒரு நொதியை முடக்கிவிடுகிறது. அதனால் கொழுப்புக்கான சிம்வாஸ்டாட்டினோடு அதைக் கொடுக்கவே கூடாது. தசைகள் சிதையும் அளவுக்கு அந்த மாத்திரை இரத்தத்தில் ஏறிவிடும். அட்டோர்வாஸ்டாட்டினும் ஏறும், ரோசுவாஸ்டாட்டினுக்கு இந்தத் தொல்லை இல்லை. இரத்த அழுத்தத்துக்கான அம்லோடிபினோடு சேர்ந்தால் கால் வீக்கம் கூடலாம். இதயம் பலவீனமாகி மூச்சு வாங்குபவர்களுக்கும், இதயச் செயலிழப்பு வந்து போனவர்களுக்கும் தோல் பூஞ்சைக்காக இட்ராகோனசோல் கொடுப்பதில்லை. அது இதயத்தின் சுருங்கும் ஆற்றலையே குறைக்கக்கூடியது.

ஃப்ளுகோனசோலில் கவனிக்க வேண்டியவர்கள் சர்க்கரை நோயாளிகள். கிளிமெபிரைடு, கிளிபிசைடு போன்ற மாத்திரைகளின் வீரியத்தை அது கூட்டுவதால், சர்க்கரை திடீரென்று இறங்கி வியர்வையும் படபடப்பும் வரலாம். வெறும் மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுபவருக்கு இந்தக் கவலை இல்லை. சிறுநீரகம் பழுதுபட்டவருக்கு ஃப்ளுகோனசோலின் அளவைக் குறைக்க வேண்டும், டெர்பினாஃபினைத் தவிர்ப்பதே வழக்கம்.

டெர்பினாஃபின் இவற்றோடெல்லாம் அதிகம் மோதுவதில்லை. ஆனால் மெட்டோபிரலால் சாப்பிடுபவரின் நாடித்துடிப்பை மிகவும் குறைத்துவிடக்கூடும். தூக்கத்துக்கோ நரம்பு வலிக்கோ அமிட்ரிப்டிலின் சாப்பிடுபவரும் சொல்லிவிட வேண்டும். காசநோய்க்கு ரிஃபாம்பிசின் எடுப்பவர்களிடம் டெர்பினாஃபின், இட்ராகோனசோல், ஃப்ளுகோனசோல் மூன்றின் பலனும் குறைந்துபோகும். இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்கள் பூஞ்சை மாத்திரை எதையும் தொடங்குவதற்கு முன்பும் பின்பும் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். சுருக்கமான வழி ஒன்றுண்டு. தோல் மருத்துவரிடம் போகும்போது வீட்டிலுள்ள எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். "சின்ன வெள்ளை மாத்திரை" என்று சொன்னால் யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

"இந்த மாத்திரை எல்லாம் லிவரைக் கெடுத்துடும்னு சொல்றாங்களே?"

அரிதாக நடக்கலாம். அதனால்தான் மாதக்கணக்கில் சாப்பிட வேண்டியவர்களுக்குத் தொடங்கும் முன்பும் நான்கு முதல் ஆறு வாரங்களில் ஒருமுறையும் கல்லீரல் பரிசோதனை எழுதுகிறார்கள். ஏற்கெனவே மஞ்சள் காமாலை வந்தவர்கள், நாள்தோறும் மது அருந்துபவர்கள் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். கிரிசியோஃபுல்வினோடு மது சேர்ந்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி வரும். பசியே இல்லாமல் போவது, சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போவது, கண் மஞ்சளாவது ஆகிய மூன்றில் எது வந்தாலும் மாத்திரையை அன்றே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

"டெர்பினாஃபின் போட்டதுலேருந்து டிகிரி காபிகூட மண்ணாட்டம் இருக்கு. என்ன பண்றது?"

டெர்பினாஃபினில் நன்கு அறியப்பட்ட பின்விளைவு இது. சுவை குறையலாம், மாறலாம், சிலரிடம் முற்றிலும் போய்விடலாம். மருந்தை நிறுத்தினால் பெரும்பாலும் சில வாரங்களிலோ மாதங்களிலோ திரும்பிவிடும். மருத்துவரிடம் சொல்லி வேறு மருந்துக்கு மாறுங்கள். கும்பகோணத்துக்காரருக்கு இது சிறிய இழப்பல்ல என்பது எனக்கும் தெரியும்.

"தேமலுக்கும் இதே மாத்திரைதானா?"

இல்லை. மார்பிலும் முதுகிலும் வெளிறியோ பழுப்பாகவோ திட்டுத் திட்டாக வரும் தேமலை உண்டாக்குவது மலசீசியா என்னும் வேறு வகைப் பூஞ்சை. டெர்பினாஃபின் மாத்திரையும் கிரிசியோஃபுல்வினும் இதற்குப் பயனற்றவை. பெரும்பாலும் கீட்டோகோனசோல் ஷாம்பூவோ களிம்போ போதும். மிகவும் பரவியிருந்தால் இட்ராகோனசோல் ஒரு வாரத்துக்கு, அல்லது ஃப்ளுகோனசோல் வாரம் ஒருமுறையாக இரண்டு தடவை எழுதுவார்கள். பூஞ்சை செத்த பிறகும் வெளிறிய நிறம் மாறச் சில மாதங்கள் ஆகும். நிறம் திரும்பவில்லை என்பதற்காக மாத்திரையைத் தொடரக் கூடாது.

"நடவுக்குப் போறேங்க. கால் விரலிடுக்குல வெந்து போய்க் கிடக்கு. படர்தாமரை மாத்திரையே குடுத்துடுங்களேன்."

குறுவைக்கும் சம்பாவுக்கும் நாள் முழுதும் சேற்றில் நிற்கும் பெண்கள் இதைக் கேட்காத பருவமில்லை. சேற்றுப்புண் எல்லாமே படர்தாமரைப் பூஞ்சையால் வருவதில்லை. ஊறிப்போன தோலில் கேண்டிடா என்னும் ஈஸ்டு வகையும் பாக்டீரியாவும் சேர்ந்து குடியேறுவது அதிகம். கேண்டிடாவுக்குக் கிரிசியோஃபுல்வின் சிறிதும் உதவாது, டெர்பினாஃபின் சரியாக உதவாது, ஃப்ளுகோனசோலோ குளோட்ரிமசோல் களிம்போதான் பொருந்தும். சீழும் நாற்றமும் இருந்தால் அதற்குரிய ஆன்டிபயாட்டிக் தேவைப்படும்.

எந்த மருந்தானாலும் ஈரம் காயாமல் வேலை செய்யாது. வயலிலிருந்து ஏறியதும் நல்ல தண்ணீரில் காலைக் கழுவி, ஒவ்வொரு விரலிடுக்கையும் பழைய பருத்தித் துணியால் ஒற்றி எடுத்து, அதன்பின் மருந்து போடுங்கள். சர்க்கரை நோயுள்ளவருக்கு இந்தப் புண்ணின் வழியாகக் கால் முழுதும் வீங்கிக் காய்ச்சல் வரக்கூடும். அப்படிப்பட்டவர்கள் கடையில் கேட்டு வாங்காமல் நேராக மருத்துவரிடம் போக வேண்டும்.

"பிள்ளைக்குத் தலையில வட்டமா முடி கொட்டுது. வைத்தீஸ்வரன் கோயில்ல மொட்டை போட்டா சரியாயிடுமா?"

வேண்டுதல் தனி, வைத்தியம் தனி. தலையில் வரும் படையில் பூஞ்சை முடியின் வேர்ப்பகுதி வரை இறங்கியிருக்கும். மேலே மழித்தாலும் உள்ளே இருப்பது அப்படியே இருக்கும். களிம்பும் அங்கே எட்டாது, மாத்திரை கட்டாயம். வாரணாசி ஆய்வில் நான்கில் கடைசி இடம் பெற்ற கிரிசியோஃபுல்வினுக்கு இன்றும் மதிப்புள்ள இடம் இதுதான். நாய், பூனைகளிடமிருந்து வரும் மைக்ரோஸ்போரம் வகைக்கு அதுவே சிறந்தது. டிரைக்கோஃபைட்டான் வகையென்றால் டெர்பினாஃபினும் கொடுப்பார்கள். அளவைக் குழந்தையின் எடை பார்த்து மருத்துவரே சொல்ல வேண்டும். கிரிசியோஃபுல்வினைப் பாலோடோ நெய்ச்சோற்றோடோ கொடுத்தால் நன்றாக உடம்பில் சேரும்.

தலையில் சீழ்க்கட்டி போலப் புடைத்து நின்றால் அதைக் கீறச் சொல்லாதீர்கள். அதுவும் பூஞ்சையின் விளைவாக இருக்கலாம், மாத்திரையிலேயே அடங்கும். சீப்பையும் துண்டையும் தனியாக வையுங்கள். மொட்டை போடத்தான் வேண்டுமென்றால் புது பிளேடு போடச் சொல்லுங்கள்.

"நகம் சொத்தையாயிடுச்சு. மூணு மாசம் மாத்திரை சாப்பிட்டும் நகம் அசிங்கமாவே இருக்கு."

கைவிரல் நகம் முழுதாக வளர ஏறத்தாழ ஆறு மாதமும், கால் கட்டைவிரல் நகம் வளர ஓராண்டும் அதற்கு மேலும் ஆகும். மருந்து முடிந்த பிறகும் அது நகத்தில் தங்கி வேலை செய்துகொண்டிருக்கும். அடியிலிருந்து நல்ல நகம் முளைத்து வருகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். டெர்பினாஃபின் என்றால் கைநகத்துக்கு ஆறு வாரம், கால்நகத்துக்குப் பன்னிரண்டு வாரம் என்பது வழக்கம். இட்ராகோனசோலை மாதத்தில் ஒரு வாரம் மட்டும் சாப்பிட்டு மூன்று வாரம் விடும் முறையும் உண்டு. நாள் முழுதும் பாத்திரம் கழுவுபவர்களுக்கு நகத்தைச் சுற்றிய சதை வீங்கி வலிப்பது பெரும்பாலும் வேறு நோய், அதற்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

"மருமக முழுகாம இருக்கா. அவளுக்கும் படை வந்திருக்கு."

மாத்திரை வேண்டாம். குளோட்ரிமசோல் போன்ற களிம்பை மருத்துவரிடம் கேட்டுத் தடவலாம், மாத்திரை பிரசவம் வரை காத்திருக்கும். பால் கொடுக்கும் காலத்திலும் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது. கிரிசியோஃபுல்வின் சாப்பிடும் ஆண்களும், மருந்து முடிந்து ஆறு மாதம் வரை குழந்தைப்பேற்றைத் தள்ளிப்போட வேண்டும் என்பதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. அதே மருந்து கருத்தடை மாத்திரையின் பலனையும் குறைக்கும்.

"முன்னாடி ஒரு கடையில குடுத்த ட்யூப் போட்டா ரெண்டே நாள்ல நிக்குது. நீங்க ஏன் தர மாட்டேங்கறீங்க?"

அந்தக் குழாயின் பின்பக்கத்தை உருப்பெருக்கியில் படித்தால் குளோபெட்டசோல் அல்லது பீட்டாமெத்தசோன் என்ற பெயர் இருக்கும், கூடவே ஒரு பூஞ்சை மருந்தும் ஒரு பாக்டீரியா மருந்தும். முதலில் சொன்னவை ஸ்டீராய்டுகள். அரிப்பையும் சிவப்பையும் அவை உடனே அடக்கிவிடும், ஆனால் அந்த இடத்தில் பூஞ்சையை எதிர்த்துப் போராடும் உடலின் சக்தியையும் சேர்த்தே அடக்கிவிடும். வட்டத்தின் வடிவம் கலைந்து, ஓரம் மங்கி, மருத்துவரே அடையாளம் காண முடியாதபடி நோய் உள்ளுக்குள் பரவும். தொடையிடுக்கில் தொடர்ந்து தடவியவர்களுக்குத் தோல் மெலிந்து, பிரசவத் தழும்பு போன்ற கோடுகள் நிரந்தரமாக விழுகின்றன. நாட்டில் படர்தாமரை இவ்வளவு பிடிவாதமாக மாறியதற்கு மாத்திரைகளைவிட இந்தக் குழாய்களுக்கே அதிகப் பங்கு உண்டு என்பது என் உறுதியான எண்ணம்.

மேற்பூச்சு ஸ்டீராய்டுகளை 2018இல் மத்திய அரசு ஷெட்யூல் எச் பட்டியலுக்குள் கொண்டுவந்தது, அதாவது சீட்டில்லாமல் விற்கக் கூடாது. தொழிலில் இருக்கும் நாங்களே இதை மீறுகிறோம் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். இதைத் தடவியவர்கள் நிறுத்தியதும் சில நாட்களுக்கு அரிப்பு முன்னிலும் அதிகமாகும். பயந்து மீண்டும் அதையே தடவாமல், அரிப்புக்கு மாத்திரை கேட்டு வாங்கி அந்த நாட்களைக் கடத்த வேண்டும்.

"சீமை அகத்தி இலையை அரைச்சுப் போட்டா போதாதா?"

சீமை அகத்தியைப் படைக்குப் போடும் வழக்கம் நம் பக்கத்தில் நெடுங்காலமாக உண்டு, அதன் இலைக்குப் பூஞ்சையைத் தடுக்கும் தன்மையும் இருக்கிறது. சிறிய வட்டத்துக்கு ஒருவேளை பயன்படலாம். இடுப்பைச் சுற்றிப் பரவிவிட்ட படைக்கு அது ஈடுகொடுக்காது. தொடையிடுக்கு போன்ற மென்மையான இடத்தில் அரைத்துப் போட்டால் எரிந்து புண்ணாகவும் கூடும்.

"எனக்குச் சரியாகி ஒரு மாசத்துல திரும்ப வருது. மாத்திரை வேலை செய்யலையா?"

வேலை செய்திருக்கலாம், ஆனால் வீட்டிலிருந்தே மீண்டும் வந்திருக்கலாம். ஒரே துண்டு, ஒரே சோப்பு, ஒரே பாய் என்று வாழும் வீட்டில் ஒருவருக்கு மட்டும் வைத்தியம் பார்ப்பது வீண். அரிப்புள்ள எல்லோரும் ஒரே சமயத்தில் மருந்தெடுக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் துணி காயாமல் ஈரத்தோடு உடுத்துவது இங்கே எல்லோரும் அறிந்ததே. உள்ளாடையைச் சுடுநீரில் தனியாகத் துவைத்து, வெயில் இல்லாத நாளில் இஸ்திரி போட்டாவது உடுத்துங்கள்.

அரைஞாண் கயிற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். குளித்த ஈரம் அந்தக் கறுப்புக் கயிற்றில் நாள் முழுதும் நிற்கும். இடுப்பைச் சுற்றிக் கயிறு போன தடத்திலேயே படை வரிசையாக வந்திருப்பதைப் பலரிடம் பார்க்கிறேன். சிகிச்சை முடியும் வரை கழற்றி வையுங்கள். மனம் ஒப்பவில்லையென்றால் வெள்ளியில் போட்டுக்கொள்ளுங்கள், பழைய நூலையே மீண்டும் கட்டாதீர்கள்.

"இட்ராகோனசோல் ரெண்டு மாசம் ஒழுங்கா சாப்பிட்டேன், களிம்பும் போட்டேன், வீட்டுல எல்லாரும் மருந்து எடுத்தோம். அப்படியும் போகலை. டோஸைக் கூட்டலாமா, ரெண்டு மாத்திரையைச் சேர்த்துப் போடலாமா?"

நீங்களாகக் கூட்ட வேண்டாம். இட்ராகோனசோலை நாளுக்கு 100, 200, 400 மி.கி. என்று கொடுத்து ஒப்பிட்டபோது குணமானவர்களின் விகிதத்தில் பெரிய மாற்றம் இல்லை. ஃப்ளுகோனசோலையும் இட்ராகோனசோலையும் சேர்ப்பதில் பொருளில்லை. இரண்டாவது விடையில் சொன்னபடி இரண்டும் பூஞ்சையின் ஒரே படியைத்தான் அடைக்கின்றன, சேர்த்துப் போட்டால் இதயத் துடிப்புக்குத்தான் ஆபத்து. வோரிகோனசோல் போன்ற மருந்துகள் இருக்கின்றன. விலை அதிகம், வெயில் பட்டால் தோல் வெந்துபோகும் தன்மையும் அவற்றுக்கு உண்டு. தோல் மருத்துவரின் நேரடிப் பார்வையில் மட்டுமே அவற்றை எடுக்க வேண்டும்.

இந்த இடத்தில் கேட்க வேண்டிய கேள்வி, இது பூஞ்சைதானா என்பது. ஓரத்திலிருந்து செதிலைச் சுரண்டி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு சொட்டு விட்டு நுண்ணோக்கியில் பார்க்கும் எளிய சோதனை உண்டு. தஞ்சாவூர், திருவாரூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் தோல் பிரிவில் காட்டலாம். சோரியாசிஸ், கரப்பான் ஆகியவையும் வட்டமாக வரும். வெளிறியோ சிவந்தோ உள்ள திட்டில் அரிப்பே இல்லாமல், தொட்டால் உணர்ச்சியும் குறைவாக இருந்தால் அது தொழுநோயாக இருக்கலாம். அதற்குப் பூஞ்சை மாத்திரை எத்தனை மாதம் சாப்பிட்டாலும் பயனில்லை. அதற்குரிய கூட்டு மருந்து ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசமாகக் கிடைக்கிறது. போகும்போது இதுவரை சாப்பிட்ட மாத்திரைகளின் அட்டைகளையும், தடவிய குழாய்களையும், தீர்ந்துபோனவை உட்பட, எடுத்துச் செல்லுங்கள்.